இடுப்பில் கட்டிய போனும் பாட்டியின் தள்ளாட்டமும்

"நடக்கையில ஒண்ணும் இல்லம்மா. மூஞ்சி கழுவறப்ப மட்டும் யாரோ பின்னால இழுக்கற மாதிரி இருக்கு" என்றார் அந்தப் பாட்டி. பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை. பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. பாதம் மரத்துப்போனவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். சோப்பு போட்டு அந்தக் கண்ணையும் மூடிவிட்டால், விழாமல் நிற்க உள்காதின் சமநிலை உணர்வு ஒன்றுதான் மிச்சம்.

கண்ணை மூடி நிற்க வைத்துப் பார்க்கும் சோதனை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க் பெயரில் இருக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன். "கண் மூடினால் கொஞ்சம் ஆடுகிறார்" என்று நோட்டில் எழுதினேன். ஆறு வாரம் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி நிற்க வைத்தேன். கொஞ்சம் ஆடினார். இந்தக் கொஞ்சம் அந்தக் கொஞ்சத்தைவிடக் குறைவா? சத்தியமாகத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் அலமாரியில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்து நோயாளிகளின் இடுப்பில் கட்ட ஆரம்பித்தேன்.

நான் கும்பகோணத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட். லட்சக்கணக்கில் விலையுள்ள நடை ஆய்வுக்கூடம் என்னிடம் இல்லை. ஸ்கூட்டி டிக்கியில் இருப்பவை: அந்தப் போன், ஓர் இடுப்பு பெல்ட், அளவு டேப், சாக்பீஸ், சுருட்டிய சார்ட் பேப்பர். இதை வைத்து நான் செய்வதை, என்னைப் போன்ற பிசியோக்களுக்கும் கடைசி வருஷ மாணவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், முக்கியமாகக் கண் மூடும் பகுதியை.

போனுக்குள் இருப்பது

ஒவ்வொரு போனிலும் இரண்டு சென்சார்கள் நமக்கு வேண்டும். முடுக்கமானி, அதாவது ஆக்சிலரோமீட்டர், எந்தப் பக்கம் எவ்வளவு பலமாகத் தள்ளப்படுகிறது என்று சொல்லும். கைரோஸ்கோப் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லும். மலிவுப் போன்கள் சிலவற்றில் கைரோ இருக்காது, வாங்கும் முன் பாருங்கள். திசைகாட்டும் காந்தமானியை நான் தொடுவதே இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் ஒரு பக்கம் இரும்பு பீரோ, இன்னொரு பக்கம் இரும்புக் கட்டில். அது எந்தத் திசையைக் காட்டும் என்று அதற்கே தெரியாது.

செயலிக்கு ஃபைஃபாக்ஸ் (phyphox). ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்து இயற்பியல்காரர்கள் பள்ளி, கல்லூரி சோதனைகளுக்காகச் செய்தது. இலவசம், விளம்பரம் கிடையாது. முகப்பில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, முடுக்கமானி, கைரோ இரண்டையும் டிக் செய்து புதிய சோதனை ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். விநாடிக்கு 100 அளவீடு போதும். முடுக்கத்தில் புவியீர்ப்பு சேர்ந்தது, சேராதது என்று இரண்டு வகை உண்டு. சேர்ந்ததையே எடுங்கள். சேராதது போன் தானே கணக்குப் போட்டுக் கழித்துத் தருவது. எப்படிக் கழித்தது என்று நமக்குத் தெரியாது, போனுக்குப் போன் மாறும்.

முதல் வேலையாகப் போனை மேசையில் படுக்க வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எங்கள் பக்கம் புவியீர்ப்பு 9.78 மீட்டர்/விநாடி². உங்கள் போன் 9.7க்கும் 9.9க்கும் இடையில் காட்டினால் கவலை இல்லை. அதைவிட முக்கியம் அந்த எண் எவ்வளவு நடுங்குகிறது என்பது. யாருமே தொடாமல் கிடக்கும் என் போனில் அந்த நடுக்கம் சுமார் 0.01. நல்லபடியாக நிற்பவரின் ஆட்டம் அதைப்போல் சில மடங்குதான் இருக்கும். உங்கள் போன் சும்மா கிடக்கும்போதே 0.05 நடுங்கினால் அது பாட்டுக் கேட்க மட்டும் லாயக்கு.

கட்டுவதில்தான் எல்லாம்

நான் செய்த தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான்.

இடம் இடுப்பின் பின்புறம், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு. உடம்பின் எடை மையம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்டுபிடிக்க, பின்னால் நின்று இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள். இரண்டு கட்டைவிரலும் முதுகில் சந்திக்கும் இடம் நான்காவதும் ஐந்தாவதும் சேரும் இடம். அதற்கு ஒரு விரல் கீழே போனின் நடுப்பகுதி வர வேண்டும். போன் நிமிர்ந்து, திரை வெளியே பார்க்க இருக்கட்டும். அப்படி வைத்தால் எக்ஸ் அச்சு நோயாளியின் வலதுபக்கம், ஒய் அச்சு மேலே, இசட் அச்சு பின்னால். இதைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. முதல் ஒரு மாதம் நான் எழுதித்தான் வைத்திருந்தேன்.

பாடப்புத்தகம் இதோடு முடிந்துவிடும். நம் ஆட்கள் உடுத்துவது அதில் இல்லை. புடவைக் கட்டின் மேல் பெல்ட் போட்டால், துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஏழெட்டு மடிப்பு. ஒவ்வொரு அடிக்கும் போன் தனியாகக் குதிக்கும். பாவாடை நாடா முடிச்சு சரியாக அந்த எலும்பின் மேல் வந்து உட்காரும், அதன் மேல் போன் சீசா ஆடும். முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, புடவைக்கும் ரவிக்கைக்கும் நடுவில் தெரியும் வெறும் இடுப்பில், மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து அதன் மேல் பெல்ட்டைச் சுற்றுகிறேன். வேட்டி கட்டும் ஐயாக்களிடம் வேறு சிக்கல். பலர் அந்த அகலமான பச்சை பெல்ட் போட்டிருப்பார்கள். "இதுலயே சொருகிடும்மா, பர்ஸ் எல்லாம் இதுலதான் இருக்கு" என்பார்கள். கழற்றச் சொல்லுங்கள். அது துணியைப் பிடிக்கத்தான், உடம்பைப் பிடிக்க அல்ல.

எந்த பெல்ட்? பிரசவத்துக்குப் பின் கட்டும் வயிற்றுப் பட்டை, அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் அகலமான எலாஸ்டிக். அதில் போன் அளவுக்கு ஒரு பை தைத்துக்கொண்டேன். டேப் ஒட்டிப் பார்த்தேன், சித்திரை வெயிலில் வியர்த்துப் பத்து நிமிடத்தில் கழன்று வந்தது.

கட்டியபின் இந்த ஒரு பரிசோதனையைத் தவறவே விடாதீர்கள். போனின் மேல்முனையை விரலால் லேசாகச் சுண்டுங்கள். உடம்போடு சேர்ந்து அசைந்தால் சரி. போன் மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டேன். பக்கவாதம் வந்து தேறிய ஒருவரின் இடது அடி வலதைவிட மிகக் குறைவாகப் பதிகிறது என்று வரைபடம் காட்டியது. அவர் மகனைக் கூப்பிட்டு இடது காலைப் பற்றி ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். கழற்றும்போது பார்த்தால் பெல்ட் ஒருபக்கமாக இறங்கி, போன் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி கட்டி எடுத்ததில் வித்தியாசம் பாதிகூட இல்லை. அந்த மகனிடம் மன்னிப்புக் கேட்ட நாள் மறக்கவில்லை.

அப்புறம் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிம்மே இல்லாத போன் இன்னும் நல்லது. நடுவில் அழைப்பு வந்து வைப்ரேட் ஆனால், வரைபடத்தில் நோயாளிக்குப் பூகம்பம்.

நிற்க வைப்பது

சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, அதன் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்லிப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொள்கிறேன். கிருஷ்ண ஜெயந்திக்குப் பாதம் போடுவது போல என்று பாட்டிகள் சிரிப்பார்கள். காரணம் எளிது. பாதங்களுக்கு நடுவே நாலு விரல் அகலம் கூடினாலே ஆட்டம் குறைந்துவிடும். அடுத்த மாதம் அவர் காலை அகட்டி நின்றால், நாம் பயிற்சி பலித்தது என்று சந்தோஷப்படுவோம். அதே தாளில் அதே பாதத்துக்குள் நிற்க வைத்தால் அந்த ஏமாற்றம் இல்லை. தாளைச் சுருட்டி, எண் போட்டு வைத்துவிடுவேன்.

செயலியில் டைம்டு ரன் என்று ஒன்று உண்டு. 10 விநாடி தாமதம், 30 விநாடி பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திவிட்டு நீங்கள் பக்கத்தில் போய் நிற்க நேரம் கிடைக்கும். கண் திறந்து ஒன்று, மூடி ஒன்று, பிறகு ஃபோம் மேல் அதே இரண்டு. சம்மணம் போட்டு உட்காரும் குஷனோ இலவம்பஞ்சுத் தலையணையோ ஃபோம் ஆகாது. இலவம்பஞ்சு பத்து விநாடியில் அமுங்கித் தரையைத் தொட்டுவிடும். கடையில் கெட்டியான ஃபோம் ஒரு துண்டு வெட்டி வாங்கி, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று முறை எடுப்பேன். முதல் முறையைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். முதல் முறை எல்லோரும் பரீட்சை எழுதுவது போல விறைத்து நிற்பார்கள், இல்லை பேசிக்கொண்டிருப்பார்கள். பாட்டி பதினைந்தாவது விநாடியில் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இதுல எக்ஸ்ரே மாதிரி என் இடுப்பு தெரியுமா?" அந்தப் பதிவு குப்பைக்கு.

கண்ணை மூடும் நிலையில் நான் நோயாளிக்குப் பக்கவாட்டில் அரை அடி பின்னால் நிற்பேன். என் ஒரு கை அவர் முதுகைத் தொடாமல் காத்திருக்கும். முன்னால் சுவரின் மூலை இருந்தால் இன்னும் நல்லது. தொட்டுப் பிடிக்க வேண்டி வந்தால் அந்த முயற்சி தோல்வி என்று எழுதி, எத்தனாவது விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். அதற்குமேல் எண் எடுக்கத் தேவையில்லை. காலை இட்லிக்கு முன் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காத்திருப்பவர்களை இந்தச் சோதனைக்கு நிறுத்தாதீர்கள். சர்க்கரை இறங்கி வரும் மயக்கம் தனி விஷயம்.

கணக்கு பயப்படும் அளவுக்கு இல்லை. பதிவை எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். முதல் 5 விநாடியை வெட்டிவிடுங்கள். எக்ஸ் நெடுவரிசைக்கும் இசட் நெடுவரிசைக்கும் தனித்தனியே திட்ட விலக்கம், நம் பாஷையில் ஸ்டாண்டர்டு டீவியேஷன், எடுங்கள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதுதான் அது. எக்ஸ் பக்கவாட்டு ஆட்டம், இசட் முன்பின் ஆட்டம். போன் சற்றே சாய்ந்திருந்தால் புவியீர்ப்பின் ஒரு பங்கு இதில் கலக்கும். ஆனால் அது ஏறக்குறைய மாறாத எண், சராசரியோடு கழிந்துவிடும். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் 3.5 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு மூன்றரை தடவைக்கு, மேலுள்ள அதிர்வை வடிகட்டிவிட்டுக் கணக்கிடலாம். கைகால் நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த வடிகட்டல் அவசியம், இல்லையென்றால் நடுக்கத்தை ஆட்டம் என்று எண்ணிவிடுவோம்.

அந்தப் பாட்டிக்கு முதல் நாள் கண் திறந்து முன்பின் ஆட்டம் 0.06. மூடினால் 0.15. ஆறு வாரம் கழித்துத் திறந்து 0.06, மூடி 0.11. கண் திறந்த எண் அசையவே இல்லை, மூடியது இறங்கியிருக்கிறது. என் கண்ணுக்கு இரண்டும் "கொஞ்சம்"தான். கூடவே குளியலறையில் வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொன்னேன். அதுதான் முதலில் செய்ய வேண்டியது. எண் எதுவாக இருந்தாலும்.

எழுந்து, நடந்து, திரும்பி, உட்கார

இந்தச் சோதனைக்கு 1991இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் நேரக்கணக்கு வைத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டி, முதியவருக்கு 12 விநாடி அல்லது அதற்குமேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று பார்க்கச் சொல்கிறது. ஸ்டாப்வாட்ச் போதும். அப்புறம் எதற்குப் போன்?

பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், உள்ள ஓர் ஐயாவின் கதையைச் சொல்கிறேன். முதல் நாள் 17 விநாடி. ஒரு மாதம் கழித்தும் 17 விநாடி. வீட்டில் எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. இரண்டு நாளின் கைரோ வரைபடத்தையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். ஒய் அச்சின் சுழற்சியில் இரண்டு மேடு தெரியும். முதலாவது நடுவில் திரும்புவது, இரண்டாவது உட்காரும் முன் திரும்புவது. முதல் நாள் நடுத் திருப்பம் ஒரு மேடாகவே இல்லை, சின்னச் சின்னதாக ஆறேழு பல். அடி மேல் அடியாகப் பொம்மை போலத் திரும்பியிருக்கிறார். 4.1 விநாடி. ஒரு மாதம் கழித்து மூன்று பல், 2.6 விநாடி. திருப்பத்தில் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது? நேர் நடையில். விசாரித்தால், மருமகள் தினமும் கூடவே நடந்து "மெதுவா மாமா, மெதுவா" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லைத் தட்டாத மாமனார். மருமகளிடம் இனி "மெதுவா" என்று சொல்வதைத் திருப்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

திருப்பத்தின் அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கைரோ எண்கள் ரேடியன்/விநாடி. மேட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எண்களைக் கூட்டி 0.01ஆல் பெருக்குங்கள், விநாடிக்கு 100 அளவீடு என்பதால். முழுத் திருப்பம் 180 டிகிரி, ரேடியனில் 3.14 வர வேண்டும். 2.5 வந்தால் மேட்டின் எல்லையைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது பெல்ட் சுழன்றிருக்கிறது. ஆனால் கூனல் உள்ளவருக்கு 3.14 வராது. போன் 20 டிகிரி சாய்ந்திருந்தால் ஒய் அச்சில் 2.95தான் விழும், மீதி மற்ற அச்சுக்குப் போய்விடும். இது தெரியாமல் ஒரு வாரம் செயலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலிதான் எல்லா வீட்டிலும் இருக்கும். டைல்ஸ் தரையில் அது பின்னால் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நாற்காலி. பார்க்கின்சன்காரர்களுக்கு மாத்திரை போட்ட எத்தனாவது நிமிடம் என்பதை எழுதாத பதிவு வீண். மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கும் வேலை விட்ட நேரத்துக்கும் அவர் இரண்டு மனிதர்.

மனசையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமென்றால், 100இலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டியிடம் இது எடுபடாது. தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறேன். பங்குனி, மாசி, தை வரை ஓடும். மார்கழியில் கால் நின்றுவிடும்.

நேர் நடை

இதற்கு இடம் வேண்டும், வீட்டுக் கூடத்தில் கிடைக்காது. வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் 10 மீட்டர் கோடு போடுவேன். முடுக்கமானியின் ஒய் அச்சில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முகடு வரும், எண்ணிவிடலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது இதில் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒரு முகட்டின் இடைவெளி ஒரு முழுக் காலடிச் சுற்று. அந்த இடைவெளிகளின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால், நடை எவ்வளவு சீராக இருக்கிறது என்று தெரியும். ஆரோக்கியமானவருக்கு 1 முதல் 3 சதவீதம். ஆனால் 10 மீட்டர் நடையில் கிடைப்பது ஏழெட்டுச் சுற்று. அதை வைத்துச் சீர் பற்றிப் பேசவே கூடாது. முப்பது சுற்றாவது சேரும்வரை முன்னும் பின்னுமாக நடக்க வையுங்கள், திருப்பங்களை வெட்டி எறியுங்கள். மூச்சு வாங்குகிறவர்களுக்கு இந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.

செய்யக் கூடாதவை

மாணவர்கள் எல்லோரும் கேட்பது: "மேடம், முடுக்கத்தை இரண்டு தடவை தொகையிட்டால் எத்தனை சென்டிமீட்டர் ஆடினார்னு வந்துடுமே?" தொகையிடுவது என்றால், திருப்பத்துக்குச் செய்ததுபோல எண்களைச் சின்ன நேரத்துண்டால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது. காகிதத்தில் வரும். போன் 1 டிகிரி சாய்ந்திருந்து அதைக் கழிக்காமல் விட்டால் 0.17 மீட்டர்/விநாடி² பொய்யாக உள்ளே வரும். பத்து விநாடி அதைத் தொகையிட்டுப் பாருங்கள், நின்ற இடத்தில் நின்ற பாட்டி எட்டரை மீட்டர் தள்ளித் தெருவில் இருப்பார். ஆகவே முடுக்கத்தை முடுக்கமாகவே எழுதுங்கள்.

உங்கள் போனின் எண்ணை என் போனின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒருவரின் எண்ணை இன்னொருவரோடும் வேண்டாம். அதே ஆள், அதே போன், அதே பெல்ட், அதே தாள், அதே வேளை. இவ்வளவும் ஒத்துப்போனால்தான் 0.15க்கும் 0.11க்கும் நடுவில் அர்த்தம் இருக்கிறது. அதுவும் எவ்வளவு வித்தியாசம் உண்மையான வித்தியாசம் என்று தெரிய, சிகிச்சை எதுவும் தொடங்கும் முன் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்துவிடுங்கள். அந்தப் பாட்டிக்கு இரண்டு நாளுக்கும் நடுவே 0.01தான் மாறியது. அதனால்தான் 0.04 இறங்கியதை நம்பினேன். இன்னொருவருக்கு ஒன்றுமே செய்யாமல் 0.05 மாறியது. அவரிடம் இந்த எண்ணை எடுத்துப் பேசியதே இல்லை.

"எங்கப்பா விழுவாரா மாட்டாரான்னு இது சொல்லுமா?" என்று மகன்கள் கேட்பார்கள். சொல்லாது. கழிவறைக்கு ராத்திரி எத்தனை தடவை எழுகிறார், வழியில் விளக்கு இருக்கிறதா, தூக்க மாத்திரை போடுகிறாரா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நோயாளியின் பெயரைப் போடாதீர்கள். எண், தேதி, நிலை மட்டும். சார்ட் பேப்பரிலும் அதே எண். என்னிடம் 23ஆம் எண் தாள் இப்போது மூன்றாவது தடவையாக விரியப்போகிறது, ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, செல்லோ டேப் போட வேண்டும்.